‘அது’ன்னா எதும்மா?

போன வாரம் பிரியா கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்றபோது வார்டில் என் இடத்துக்கு வந்த நர்ஸ். கெட்டிக்காரப் பெண், சும்மா கூப்பிடமாட்டாள்.

“சிஸ்டர், ஒரு விஷயம் கேக்கணும். டிஸ்சார்ஜுக்கு முன்னாடி வீட்டு ஆளுங்களை அந்த வாக்கியத்தைச் சத்தமா சொல்ல வைக்கிறோம்ல, அதை நிறுத்திடலாமான்னு பேச்சு வருது. நாலு பேர் முன்னாடி எங்களை அவமானப்படுத்துறீங்கன்னு ஒருத்தர் சண்டை போட்டுட்டுப் போயிட்டார். கலர்ல நோட்டீஸ் அடிச்சிருக்கோம், போன்ல வீடியோவும் அனுப்பிடலாம். போதாதா?”

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். வைத்தேனே தவிர, அன்றைக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ரசத்துக்குக் கரைத்து வைத்த புளியைக் கொண்டுபோய்ப் பாலில் ஊற்றினேன். என் வீட்டுக்காரர் திரிந்த பாலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இப்ப யாரு மூச்சை எண்ணிக்கிட்டு இருக்க?” என்றார்.

அவருக்குத் தெரியும். எனக்குப் பயம் பிறவிக் குணம். முப்பது வருஷத்துக்கு மேல் நர்ஸாக இருந்ததில் அது குறையவில்லை, முற்றிப்போனது. மன்னார்குடி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தூங்கினால் அவர் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். சர்ச்சில் பிரசங்கத்தின்போது கண்ணயர்கிறவர்களையும் விடுவதில்லை. மத்தியானம் வீட்டுக்காரர் சாய்வு நாற்காலியில் படுத்தால் பக்கத்தில் போய் நிற்பேன். அவர் கண்ணைத் திறக்காமலே, “இருக்கேன், இருக்கேன், போய் வேலையைப் பாரு” என்பார்.

பிரியாவுக்குப் போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை இது. அதனால் எழுதுகிறேன். மற்றவர்களும் படித்தால் நல்லது.

நான் நர்ஸிங் படித்ததும், பிரசவ வார்டு, எலும்பு வார்டு என்று சுற்றியதும் எல்லா நர்ஸுக்கும் உள்ள கதைதான். அதை விட்டுவிடுகிறேன். டெல்டாவில் ஒரு பெரிய அரசு மருத்துவமனையின் போதை மறுவாழ்வு வார்டுக்கு என்னை மாற்றினார்கள். பலகையில் நீளமாக ஒரு பெயர் இருக்கும். ஊருக்கு அது குடி வார்டு. மாற்றல் வந்த அன்று கூட வேலை பார்த்த சிஸ்டர்கள் துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்து விசாரித்தார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஜெபம் பண்ணிக்கிறேன் கிரேஸ்” என்றாள். நானும் பண்ணிக்கொண்டுதான் போனேன்.

அங்கே எங்களுக்குத் தலைவர் டாக்டர் சபாபதி. ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் எப்போதும் வறுத்த கடலை வைத்திருப்பார். நோயாளியிடம் நின்றுகொண்டு பேசியதே இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, கட்டிலில் இருப்பவர் முகத்துக்கு நேரே தன் முகம் வருகிற மாதிரி உட்காருவார். ஏன் இந்தப் பழக்கம், நல்ல குடும்பத்துப் பிள்ளைதானே என்றெல்லாம் கேட்கமாட்டார். கடைசியா எப்ப, எவ்வளவு, எப்படி. இந்த மூன்று கேள்விதான். பதில் வருகிற வரைக்கும் கடலையை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அவர் கோபமே தனி. கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். எங்களைச் சாதாரணமாக ‘நீங்க’ என்பார். ‘தாங்கள்’ என்று ஆரம்பித்தால் தொலைந்தோம். ஒருமுறை நான் ஒரு நோயாளியைப் பார்த்து, இது திருந்தாத ஜென்மம் என்று சலித்துக்கொண்டது அவர் காதில் விழுந்துவிட்டது. “தாங்கள் சுகர் நோயாளியையும் திருந்தாத ஜென்மம்னுதான் சொல்றதுண்டா?” என்றார். அதற்கப்புறம் எங்கள் வார்டில் யாரும் யாரையும் திருத்தவில்லை. வைத்தியம்தான் பார்த்தோம்.

எங்களிடம் வந்தவர்களில் முக்கால்வாசி குடிக்காரர்கள். ஹெராயின் ஆட்கள் எப்போதாவதுதான் வருவார்கள், பெரும்பாலும் வெளியூரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய பிள்ளைகள். அவர்கள் வந்தால் எனக்குப் பயம் கூடும். குடியைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வந்து ஆள் போய்விடக்கூடும், அது ஒரு பயம். ஹெராயினை நிறுத்துகிறபோது பொதுவாக ஆள் சாவதில்லை, ஆனால் செத்தால் தேவலை என்று அவனுக்கு இருக்கும். வாந்தியும் பேதியுமாகப் போய் உடம்பு வற்றிவிடாமல் நாம் பார்த்துக்கொண்டால் அந்தச் சில நாட்களைத் தாண்டிவிடலாம். பெரிய ஆபத்து அதற்கு அப்புறம் இருக்கிறது. எல்லோரும் அப்பாடா என்று மூச்சு விடுகிற நேரத்தில் வரும்.

இளங்கோ வந்தது அப்படி ஒரு அப்பாடாவைத் தேடித்தான். திருத்துறைப்பூண்டிப் பக்கத்து கிராமம். டிப்ளமா படித்துவிட்டு மும்பையில் லிஃப்ட் மாட்டுகிற வேலைக்குப் போனவன். அங்கே அறையில் கூட இருந்தவர்களோடு புகைத்துப் பழகி, ஊசிக்கு வந்து, வேலை போய், எலும்பும் தோலுமாக ஊர் திரும்பியிருந்தான். கூட்டி வந்தவர் அவன் அம்மா வசந்தா.

வசந்தாம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் அம்மா காலத்தில் மற்றவர் வயலில் கூலிக்கு நட்ட குடும்பம். இவர் காலத்தில் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வந்து, அதோடு நடவுக்கு ஆள் சேர்த்துக்கொண்டு போகிறவராகவும் இருந்தார். வீட்டுக்காரர் முன்பே தவறிவிட்டார். ஒரு மகன், ஒரு மகள். அந்தம்மாவின் குரல் நாலு வயல் தாண்டிக் கேட்கும். இந்தக் கோடியில் நின்றுகொண்டு, அந்தக் கோடியில் நாற்று முடியைத் தப்பாக வீசுகிறவளைத் திட்டிப் பழகிய குரல். வார்டிலும் அதே குரல்தான். “எம் மவனுக்குக் கஞ்சி எங்க?” என்று கேட்டால் ஆஸ்பத்திரி வாசலில் டீ ஆற்றுகிறவர் திரும்பிப் பார்ப்பார். டாக்டர், “இந்தம்மா இருக்கிற வரைக்கும் நமக்கு மைக் செலவு மிச்சம்” என்றார்.

அப்படிப்பட்டவர், மகனுக்கு என்ன பழக்கம் என்று கேட்டபோது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “அது” என்றார். காற்றுதான் வந்தது. எனக்கே காது கேட்கவில்லை.

“அதுன்னா எதும்மா?”

“அதுதான் சிஸ்டர்” என்று சுவரைப் பார்த்துக்கொண்டார்.

அவன் கடைசியாக எடுத்தது முந்தின நாள் ராத்திரி. நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை எங்களிடம் இருந்தது. ஆனால் வந்தவுடன் தூக்கிக் கொடுத்துவிட முடியாது. உள்ளே ஹெராயின் மிச்சம் இருக்கும்போது கொடுத்தால், அதை ஒரேயடியாக உதைத்துத் தள்ளிவிட்டு இது உட்காரும். அவதி பல மடங்காகிவிடும். அதனால் உடம்பு தானாக அவஸ்தையைக் காட்டுகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். கொட்டாவி மேல் கொட்டாவி வரும். மூக்கும் கண்ணும் ஒழுகும். கருவிழிக்கு நடுவில் உள்ள பாப்பா விரியும். கால் குடைச்சல் தாங்காமல் கட்டிலை உதைப்பார்கள். தோல், இறகு பிடுங்கிய கோழி மாதிரி புல்லரித்து நிற்கும். ஒவ்வொன்றாகப் பார்த்து டாக்டரிடம் சொல்வேன். அவர் வந்து தானும் பார்த்துவிட்டு, “இன்னும் கொஞ்சம்” என்று ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார்.

அந்தக் கொஞ்ச நேரம் இருக்கிறதே, அது எனக்கு என் சொந்தப் பிரசவ வலியைவிடக் கஷ்டம். மருந்து நம் கையில் இருக்கிறது, கொடுக்கக்கூடாது. இளங்கோ முழங்காலை வயிற்றோடு சேர்த்துக்கொண்டு நடுங்கினான். “என்னைக் கொன்னுடுங்க சிஸ்டர்” என்றான்.

“கொல்றதுக்கு எனக்குச் சம்பளம் குடுக்கல தம்பி. இந்த உப்புச் சர்க்கரைத் தண்ணியைக் குடி” என்றேன். குரல் நடுங்காமல் சொன்னதாகத்தான் நினைவு.

வசந்தாம்மா நடைபாதையில் நின்று, “மருந்தைக் கையில வச்சுக்கிட்டு வேடிக்கை பாக்குறீங்களே, நீங்கல்லாம் புள்ள பெத்தவங்கதானா?” என்று வார்டே கேட்கத் திட்டினார். டாக்டருக்குக் கோபம் வரவில்லை. கொஞ்சம் கடலையை அந்தம்மா கையில் வைத்து, ஏன் காத்திருக்கிறோம் என்று இரண்டாம் முறையாகச் சொன்னார்.

ஒருவழியாக டாக்டர் தலையை ஆட்டினார். வாயைத் தண்ணீரால் நனைத்து, நாக்கைத் தூக்கச் சொல்லி மாத்திரையை அடியில் வைத்தேன். விழுங்கக்கூடாது, பேசக்கூடாது, கரைகிற வரைக்கும் வாயை மூடி உட்கார வேண்டும். நர்ஸ் எதிரிலேயே இருக்க வேண்டும். அவன் பேச முடியாது என்பதால் நான் பேசுவேன். ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டதை, என் வீட்டுக்காரர் குறட்டையை, மாமியாருக்கும் எனக்கும் நடந்த பழைய சண்டையை. இளங்கோ சண்டை பாதியில் இருக்கும்போது கையெடுத்துக் கும்பிட்டு, போதும் என்று ஜாடை காட்டினான். அந்தப் பிள்ளைக்கு இவ்வளவு விளையாட்டு உள்ளே இருக்கிறதா என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கரைந்த பிறகு வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் கால் உதைப்பது அடங்கியது. வசந்தாம்மா வந்து அவன் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். திட்டியதற்கு மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அதுவும் எனக்குப் பிடித்திருந்தது.

மறுநாளே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. “இந்த மாத்திரையும் ஒரு போதைதான்னு அடுத்த கட்டில்காரங்க சொல்றாங்க. ஒண்ணை விட்டு இன்னொண்ணா?”

டாக்டர் சொன்னார்: “அந்த ஹெராயின் பவுடர் இவனை ஆட்டி வச்சுது. இந்த மாத்திரை இவனை நிதானமா நிக்க வைக்கும், வேலைக்குப் போக வைக்கும். ரொம்ப நாளைக்குப் போடணும். எப்ப குறைக்கிறது, எப்ப நிறுத்துறதுன்னு நாம சேர்ந்து முடிவு பண்ணுவோம். நீங்களா நிறுத்தக்கூடாது.”

“நிறுத்தினா?”

அவர் கடலையை உரித்துக்கொண்டே கேட்டார். “கோடை பூரா காஞ்சு வெடிச்சுக் கிடக்கிற வாய்க்கால்ல, எடுத்த எடுப்புல கரை முட்டத் தண்ணி விட்டா என்னம்மா ஆகும்?”

“கரை உடைச்சுக்கும்” என்றார் வசந்தாம்மா உடனே.

“அதேதான். முன்னாடி எவ்வளவு எடுத்தாலும் தாங்கிச்சு, உடம்பு பழகியிருந்துச்சு. இப்ப காஞ்சு கிடக்கு. மாத்திரையை விட்டுட்டு, ஒரு நாள் சபலப்பட்டுப் பழைய அளவை எடுத்தான்னா மூச்சு நின்னுடும். தூங்குற மாதிரியே இருக்கும்.”

அந்தம்மா மகன் பக்கம் திரும்பி, என்னைப்போலவே அவன் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தார்.

அதற்காகத்தான் அந்த வாக்கியம். வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் குடும்பத்தில் ஒருவரையாவது எழுந்து நின்று வாய்விட்டுச் சொல்ல வைப்பார் டாக்டர். ‘எம் மகன் ஹெராயின் எடுத்திருக்கான். மூச்சு குறையுது. சீக்கிரம் வாங்க.’ ஆம்புலன்ஸுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். இதைச் சொன்னால்தான் எந்த மருந்தைத் தேட வேண்டும் என்று எதிரே இருப்பவருக்குத் தெரியும். பயத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும்போது வாய்க்குப் பழகிய வார்த்தைதான் வரும் என்பார். அப்புறம் ஒரு ரப்பர் பொம்மையை வைத்து, தலையைச் சாய்த்து மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து ஊதக் கற்றுக்கொடுப்போம்.

வசந்தாம்மா பொம்மைக்கு நன்றாக ஊதினார். வாக்கியம்தான் வரவில்லை. “எம் மவன் அது எடுத்திருக்கான்” என்றார்.

“அதுன்னா எதும்மா? ஆம்புலன்ஸ்காரங்க என்னன்னு புரிஞ்சுக்குவாங்க?”

மறுபடி சொன்னார். மறுபடியும் ‘அது’. நாலாவது தடவை ஹெராயின் என்று உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. “இது போதுங்கய்யா. எம் பொண்ணு கவிதாவுக்கு வரன் பாத்துக்கிட்டு இருக்கேன். ஊர்ல எல்லார்கிட்டயும் மஞ்சக் காமாலைன்னு சொல்லி வச்சிருக்கேன். வார்த்தை வெளியில போனா அவ வாழ்க்கை போச்சு” என்றார். இளங்கோ தலையைக் குனிந்துகொண்டான். டாக்டர் வற்புறுத்தவில்லை. இன்னொரு முறை பார்க்கலாம் என்று அனுப்பினார். எனக்கு மனசே ஆறவில்லை. அந்தம்மா பஸ் ஸ்டாண்டில் யாரையோ கூப்பிடுகிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது.

அதற்கப்புறம் ஊரே அவனுக்குக் காமாலை வைத்தியம் பார்த்தது. சித்தி கீழாநெல்லியை அரைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். இல்லாத காமாலைக்கு உப்பில்லாத சோறு. வாரா வாரம் அந்த வாரத்து மாத்திரையை வாங்கிப்போக வரும்போது, “சிஸ்டர், ஒரு ஊறுகாய் வாங்கித் தாங்க” என்பான். உடம்பு தேறியது, பக்கத்து டவுனில் மோட்டார் ரிப்பேர் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். எனக்குக்கூடக் கொஞ்சம் பயம் விட்டது.

ஒரு வாரம் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. போன் பண்ணினேன். “நல்லா இருக்கான் சிஸ்டர், கயிறு கட்டியாச்சு” என்றார் வசந்தாம்மா சந்தோஷமாக.

எங்கள் பக்கத்தில் குடியை விடுகிறவர்கள் சாமி சன்னதியில் சத்தியம் பண்ணிக் கயிறு கட்டிக்கொள்வது வழக்கம். கயிறு கையில் இருக்கும்வரை தொடமாட்டார்கள். அதைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ பேர் எழுந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இவர்கள் செய்த தப்பு வேறு. போதை வஸ்து எதையும் தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணினால் அதில் மாத்திரையும் சேர்த்தி என்று நினைத்துவிட்டார்கள். கயிறு கட்டிக்கொண்டு மாத்திரை போட்டால் சாமி குத்தம். அதனால் மாத்திரையை ஆற்றில் விட்டாயிற்று.

நான் போனோடு டாக்டரிடம் ஓடினேன். அவர் போனை வாங்கினார். “கயிறும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும்மா. சத்தியத்தைக் காப்பாத்தத்தான் மாத்திரை. நாளைக்கே கூட்டிட்டு வாங்க” என்றார்.

“சரிங்கய்யா, வர்ற வாரம் கவிதாவுக்கு நிச்சயதார்த்தம். முடிஞ்ச கையோட வந்துடுறோம்” என்றார். நாங்களே ஆள் அனுப்புகிறோம் என்றதற்கு, மாப்பிள்ளை வீட்டார் வருகிற நேரத்தில் ஆஸ்பத்திரி ஆள் வாசலில் நிற்க வேண்டாம் என்று கெஞ்சினார். அந்த வாரம் நான் சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. அவன் நிச்சயத்துக்குச் சொந்தக்காரர்களை அழைக்கச் சென்னைக்குப் போயிருக்கிறான் என்று அப்புறம் கேள்விப்பட்டபோது இன்னும் மோசம். மும்பையில் அவனோடு ஒரே அறையில் இருந்து ஊசி போட்டுக்கொண்ட சிநேகிதன் ஒருவன் சென்னையில் இருந்தான்.

நிச்சயதார்த்தத்தன்று காலை, வார்டில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். என் போன் அடித்தது. வசந்தாம்மா. பின்னால் நாதஸ்வரக் கேசட் சத்தம், பெண்கள் பேச்சு, பாத்திரச் சத்தம். அந்தம்மா கிசுகிசுத்தார். அந்தக் கிசுகிசுப்பைக் கேட்டதுமே மருந்துத் தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

“சிஸ்டர், இவன் பின் ரூம்ல படுத்திருக்கான். தட்டு மாத்தப் போறாங்க, எழுப்பினா எந்திரிக்க மாட்டேங்கிறான். குறட்டை ஒரு மாதிரியா இருக்கு. தண்ணியில கொப்புளிக்கிற மாதிரி.”

“உதடு என்ன கலர்ல இருக்கு?”

சுவிட்சைப் போடுகிற சத்தம். அப்புறம், “நாவப்பழம் தின்ன மாதிரி இருக்கு” என்றார்.

“வசந்தாம்மா, நான் சொல்றதைக் கேளுங்க. போனைச் சத்தமா வச்சுக் கவிதா கையில குடுங்க. இன்னொரு போன்ல யாராச்சும் ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டும். நீங்க பொம்மைக்கு ஊதினீங்கல்ல, அதே மாதிரி. தலையைப் பின்னாடி சாய்ங்க, மூக்கைப் பிடிங்க, ஊதுங்க. நெஞ்சு மேல வருதா பாருங்க. மெதுவா அஞ்சு வரைக்கும் எண்ணி ஒரு தடவை.”

கவிதாவின் வளையல் சத்தம் கேட்டது. அவள் அழுதுகொண்டே, “வருது சிஸ்டர், நெஞ்சு மேல வருது” என்றாள். நான் இந்தப் பக்கம் ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். வார்டு பையன்கள் சுற்றி நின்றுகொண்டு அவர்களும் எண்ணினார்கள். டாக்டர் என் பக்கத்தில் வந்து நின்றார், ஸ்டூலைத் தேடாமல் அவர் நின்றதை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அப்போது அந்த அறைக்குள் ஓர் ஆண் குரல். வசந்தாம்மாவின் அண்ணன். ஆம்புலன்ஸுக்குப் பேசுகிறார். “ஆமாங்க, மயக்கம்தான். மஞ்சக் காமாலைங்க, ரொம்ப நாளா இருக்கு. சாப்பிடாம கிடந்தான், அதான்.” கதவுக்கு வெளியே மாப்பிள்ளை வீட்டார் யாரோ, என்ன ஆச்சு என்று கேட்பதும், “ஒண்ணுமில்ல, காமாலை” என்று அவர் சொல்வதும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

நான் போனில் கத்த வாயெடுத்தேன். அதற்குள் அந்தக் குரல் வந்தது. நாலு வயல் தாண்டிக் கேட்கிற குரல்.

“காமாலை இல்ல. எம் மவன் ஹெராயின் எடுத்திருக்கான். ஹெராயினு. மூச்சு கொறையுது. சீக்கிரம் வாங்க.”

கேசட்டை யாரோ நிறுத்தினார்கள். வசந்தாம்மா மறுபடி குனிந்து ஊதுகிற சத்தம் மட்டும் கேட்டது. கவிதா எண்ணிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் அவர்கள் ஊருக்குப் பக்கத்து டவுன் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவைக் கூப்பிட்டு, ஹெராயின் கேஸ் வருகிறது, நலோக்சோன் ஊசியைத் தயாராக எடுத்து வையுங்கள் என்றார். ஆம்புலன்ஸில் ஏற்றியதும் எங்களோடு இருந்த இணைப்பு துண்டிக்கப்பட்டது. அதற்கப்புறம் செய்வதற்கு ஒன்றுமில்லை. டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்து கடலையை உரித்தார், தின்னவில்லை. உரித்து உரித்துத் தட்டில் போட்டுக்கொண்டே இருந்தார். நான் எனக்குத் தெரிந்த பைபிள் சங்கீதமெல்லாம் சொல்லி முடித்து, திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

போன் அடித்தது. எடுத்தால் அழுகைதான்.

“சிஸ்டர்” என்றார் வசந்தாம்மா. “திட்டுறான் சிஸ்டர். என்னைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டுறான். வாந்தி எடுக்குறான், எடுத்துட்டுத் திரும்பவும் திட்டுறான்.” அழுகைக்கு நடுவில் சிரித்தார். “நல்லாச் சத்தமா திட்டுறான்.”

அந்த ஊசி போட்டால் அப்படித்தான், ஹெராயினை ஒரே தள்ளாகத் தள்ளிவிடும், விடுகிறபோது வருகிற அவஸ்தை மொத்தமும் அந்த நிமிஷமே வந்து நிற்கும். ஊசியின் வேகமும் சீக்கிரம் அடங்கிவிடும், மறுபடி மூச்சு இறங்கக்கூடும், எழுந்துவிட்டான் என்று வீட்டுக்குக் கூட்டிப்போகவே கூடாது என்று டாக்டர் போனை வாங்கிச் சொன்னார். சொல்லிவிட்டு, உரித்த கடலை மொத்தத்தையும் என் கையில் கொட்டினார். நான் ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே அழுதேன்.

நிச்சயம் நடக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த தட்டுகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வசந்தாம்மாவின் அண்ணன் ரொம்ப நாள் பேசவில்லை. இளங்கோ எங்களிடமே திரும்பி வந்தான், வந்து பல நாள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தங்கச்சி கல்யாணம் தன்னால் போனது என்று ஒரே புலம்பல். ஒருநாள் கவிதாவே நேரில் வந்தாள். “ஊர்ல எல்லாரும் எங்கம்மா என் வாழ்க்கையைக் கெடுத்துட்டாங்கன்னு சொல்றாங்க சிஸ்டர். அன்னிக்கு அம்மா வாயைத் தொறக்கலைன்னா, நான் பட்டுப் புடவையோட இவனுக்குக் கருமாதி பண்ணியிருப்பேன்” என்றாள். அண்ணனைப் பார்த்து, “நீ மாத்திரையைப் போடு, மாப்பிள்ளையை நான் பாத்துக்குறேன்” என்றாள். சொன்ன மாதிரியே கொஞ்ச காலம் கழித்து, எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிட்டு, வேறொரு வீட்டில் வாழப் போனாள்.

இளங்கோ கையில் கயிறு அப்படியே இருந்தது. மாத்திரையும் நிற்கவில்லை.

அதனால் பிரியா, நோட்டீஸ் கொடு. வீடியோவும் அனுப்பு. நாலு பேர் முன்னால் வேண்டாம் என்றால் தனி அறைக்குக் கூட்டிப்போ, கதவைச் சாத்து, நீ மட்டும் இரு. ஆனால் சொல்ல வை. நோட்டீஸ் பீரோவில் இருக்கும். பதறுகிறபோது வாயில் இருக்கிறதுதான் வரும்.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்பு நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். புதிதாக வந்திருந்த ஒரு குடும்பம், டிஸ்சார்ஜ் ஆகிற நாள். அந்தப் பையனின் அம்மா எழுந்து நின்று, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, “எம் மகன் அது எடுத்திருக்கான்” என்றார். எதிரே இளங்கோ அப்போதுதான் மாத்திரையை நாக்குக்கடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கூட வந்த வசந்தாம்மா வாசலிலிருந்து திரும்பினார்.

“அதுன்னா எதும்மா?” என்றார். “இப்படிச் சொன்னா இந்த வாசப்படி தாண்டாது. நான் சொல்றேன், பின்னாடியே சொல்லு.” இடுப்பில் கை வைத்துக்கொண்டு, நடவு வயலில் நிற்கிற மாதிரி நின்று, வார்டு முழுக்கக் கேட்கச் சொன்னார்: “எம் மவன் ஹெராயின் எடுத்திருக்கான்.”

நடைபாதையில் போனவர்களெல்லாம் நின்று, எந்த மகன் என்று பார்த்தார்கள். இளங்கோவால் பேச முடியாது, மாத்திரை இன்னும் கரையவில்லை. வாயை மூடியபடியே, கயிறு கட்டிய கையைத் தூக்கிக் காட்டினான்.